எழுத்தறிவு மென்பொருளும் தமிழ் எழுத்தமைப்பும்

முன்னுரை

ஒரு மொழியில் படிக்கக் கற்பிக்கும் மென்பொருளை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வது மொழிபெயர்ப்பால் மட்டும் நிறைவுறுமா என்பது ஆராயத்தக்கது. 2000ஆம் ஆண்டில் எஃப். சி. கோலியின் முயற்சியால், டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் ஐதராபாத்தை அடுத்த பீரம்கூடாவில் முதியோர்க்கான கணிப்பொறிவழி எழுத்தறிவுத் திட்டத்தைத் தெலுங்கில் தொடங்கியது. எழுத்துகளைத் தனித்தனியே கற்பிக்காமல், சொற்களைப் படத்தோடும் ஒலியோடும் காட்டி ஏறத்தாழ 40 மணி நேரத்தில் படிக்கச் செய்வது அதன் முறை. பின்னர் அது தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளிலும் அமைக்கப்பட்டது. ஒரே நகரில் பல மொழிகள் வழங்குமிடத்து இவ்விரிவாக்கம் இன்றியமையாததாகும். படைத்துறையினர் குடியமர்ந்த சைனிக்புரி போன்ற ஐதராபாத்துப் பகுதிகள் இதற்குச் சான்று.

திறமூலமும் மொழித்தரவும்

இலவசமாகக் கிடைப்பது வேறு. மூலநிரலைத் திருத்தும் உரிமையோடு கிடைப்பது வேறு. புருனோ கூதுவான் 2000இல் தொடங்கிய, சிறுவர்க்கான ‘ஜீகோம்ப்ரி’ இரண்டாம் வகையினது. அதில் திரைத்தொடர்கள், குரற்பதிவுகள், சொற்பட்டியல்கள் ஆகியன மொழிதோறும் தனித்தனியே அமைகின்றன. திரைத்தொடர்களை மொழிபெயர்க்கலாம், சொற்பட்டியலை அவ்வாறு பெயர்த்தல் இயலாது. அதற்கான காரணங்கள் மூன்று.

முதலாவது, எழுத்தின் வரிவடிவம். தெலுங்கில் உயிர்க்குறிகள் மெய்யோடு ஒட்டியே நிற்கின்றன. தமிழில் ‘கெ, கே, கை’ ஆகியவற்றில் குறி மெய்க்கு முன்னும், ‘கொ, கோ’ ஆகியவற்றில் இருபுறமும் நிற்கின்றது. யூனிகோடோ மெய்யை முதலிலும் குறியைப் பின்னும் சேமிக்கின்றது. அவ்வரிசையிலேயே மென்பொருள் எழுத்தைத் தோற்றுவிப்பின், முதலில் தோன்றிய ‘க’ வலப்புறம் நகரும். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகுவோர் மயங்குவர்.

இரண்டாவது, ஒலிப்பு. ‘கடல், தங்கம், பகல்’ ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கின்றது. தெலுங்கில் ஒலிப்புடைய ககரத்திற்கும் ஒலிப்பிலா ககரத்திற்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. எனவே தமிழில் குரற்பதிவை எழுத்தோடு பிணைப்பதினும் சொல்லோடு பிணைப்பதே பொருந்தும்.

மூன்றாவது, இரட்டை வழக்கு. ‘இலை’, ‘விலை’ என்பன பேச்சில் ‘எல’, ‘வெல’ என வழங்குகின்றன. இவற்றை முதற்பாடத்தில் வைத்தால், கற்போர் தம் நாவிலுள்ள சொல்லைத் திரையில் காணார். பிழை தம்முடையதே எனக் கருதி ஒதுங்கவும் கூடும். ‘மாடு, பாட்டி, பட்டா’ போன்றவை இரு வழக்கிலும் பெரிதும் ஒத்திருத்தலின் தொடக்கத்திற்கு ஏற்றவை. வேறுபடும் சொற்கள், கற்போர்க்கு எழுத்தின் மீது நம்பிக்கை பிறந்தபின் இடம்பெறலாம்.

முடிவுரை

மூலநிரல் திறந்திருத்தல் மாற்றத்திற்கு வாயில் மட்டுமே. எச்சொல் முதலில் வரவேண்டும், எக்குரலில் ஒலிக்கவேண்டும் என்பவற்றை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கற்போரின் பேச்சைக் கேட்டறிந்தே முடிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு உருவாகும் சொற்பட்டியலும் திறந்த உரிமத்தில் வெளியிடப்படின், அடுத்து வருவோர் அதனை வட்டார வழக்கிற்கேற்பத் திருத்திக்கொள்ள இயலும்.