எதிரே இருப்பவரோடு இருத்தல்

'நிகழ்காலத்தில் வாழுங்கள்' என்ற அறிவுரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். நாளையைப் பற்றி எண்ணாமல், கிடைத்ததை அனுபவிப்பதே அது என்று பலர் நினைக்கிறோம். இருத்தலியல் மெய்யியலாளர் கபிரியேல் மார்செல் நமக்கு வேறொரு பாதை காட்டுகிறார்.

1889-இல் பாரிசில் பிறந்த இவர், முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில் பணியாற்றினார். காணாமற்போன வீரர்களைப் பற்றிய தகவல்களைத் தேடி, அவர்களுடைய குடும்பங்களுக்குச் சொல்வதே அவரது பணி. அலுவலகத்தில் ஒவ்வொரு வீரரும் ஓர் அட்டை. விசாரிக்க வந்த உறவினருக்கோ அவர் ஓர் உயிர். எந்த மனிதரையும் ஓர் அட்டைக்குள் அடக்கிவிட முடியாது என்பதை மார்செல் அங்கே உணர்ந்தார். பின்னர் 1929-இல், தம் 39-ஆம் வயதில், கத்தோலிக்கத் திருஅவையில் திருமுழுக்குப் பெற்றார்.

மனிதர் நாம் தீர்த்து முடிக்க வேண்டிய சிக்கல் அல்லர், மறைபொருள் என்பது அவரது சிந்தனை. ஒரே அறையில் அமர்ந்திருப்பவர்கூட நம்மோடு இல்லாமல் இருக்கலாம். தன் கவலைகளாலேயே நிரம்பிய உள்ளத்தில் பிறருக்கு இடமில்லை. அந்த உள்ளத்தைத் திறந்து வைப்பதையே அவர் உடனிருப்பு என்கிறார்.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பார்ப்போம். தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகுந்தறுவாயில் இருக்கிறாள். இயேசு அங்கே போய்க்கொண்டிருக்கிறார். வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் அவரது ஆடையைத் தொடுகிறார். அவசரமான அந்த நேரத்திலும் இயேசு நிற்கிறார்; தொட்டவரைத் தேடுகிறார்; அவர் சொல்வதை முழுவதும் கேட்கிறார். அதற்காக யாயிரை மறந்துவிடவில்லை. அந்த வீட்டிற்கும் சென்று சிறுமியை எழுப்புகிறார். நாளைய கடமையை விட்டுவிடுவது அல்ல, அதை நோக்கி நடக்கும்போதே எதிர்ப்படுபவருக்காக நிற்பதுதான் நிகழ்காலத்தில் வாழ்வது.

காணாமற்போனவர்கள் போர்க்களத்தில் மட்டும் இல்லை. நம் வீட்டிற்குள்ளும் உண்டு. சொன்ன கதையையே திரும்பச் சொல்லும் வயதான தாய்க்கு நாம் 'ம்' கொட்டுகிறோம், கண்களோ கைப்பேசியில். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளையிடம் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறோம். அந்தத் தாய் என்றும் நம்மோடு இருக்கப்போவதில்லை. பிள்ளையும் என்றும் ஓடிவரப்போவதில்லை.

இன்று மாலை ஒருவருக்காவது கைவேலையை நிறுத்துவோம். அவர் பேசி முடிக்கும்வரை கேட்போம். இறைவன் நமக்குத் தந்திருக்கும் 'இன்று' அவருடைய முகத்தில்தான் நமக்காகக் காத்திருக்கிறது.