ஒரு வினாக்கொத்தால் என்ன செய்ய முடியும்?

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் மனமுடைந்த ஒருவர் டொக்டரிடம் போய் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வது அரிது. "நெஞ்சு பாரமா இருக்கு", "ராத்திரியில தூக்கமே இல்ல" என்பார். வெளிநாட்டு வினாக்கொத்தை அப்படியே மொழிபெயர்த்து நீட்டினால், இந்தத் துயரம் பிடிபடாமலே போகலாம். அதனால்தான் பேராதனை ஆய்வாளர்கள் இலங்கையர் பண்பாட்டுக்குப் பொருந்திய மனச்சோர்வு அளவுகோல் ஒன்றை உருவாக்கி, 2012இல் வெளியிட்டார்கள்.

இத்தகைய சோதனைகளை உருவாக்கும்போது, பலரிடம் கேள்விகளைக் கேட்டுப் பெற்ற புள்ளிகளை, உளமருத்துவர் நேரில் பேசிக் கண்ட முடிவோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாத கேள்விகள் கழிந்துபோகும்.

கேட்கவே நாக்கு தயங்கும் கேள்வி ஒன்றுண்டு: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பலமுறை ஆராய்ந்தும் அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவருக்கோ பாரம் இறங்குகிறது.

சரி, கிடைத்த விடையை வைத்து யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா? ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பேரில் 10 பேருக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை அவர்களில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே, ஆபத்தில்லாத 9,990 பேரில் 999 பேரையும் சுட்டிக்காட்டும். அந்த 1,008 பேருக்குள் உண்மையான 9 பேர் யார்? "பயமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பத்தாமவர் கதி என்ன? தற்கொலை ஆபத்து பற்றிய 50 ஆண்டு ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, இந்தக் கணிப்புகள் குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது.

ஆனாலும் உயிர்களைக் காக்க முடிந்திருக்கிறது. 1995இல் உச்சத்திலிருந்த இலங்கையின் தற்கொலை விகிதம், கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின் 2005க்குள் பாதியாகக் குறைந்தது. யார் யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று எவரும் கணிக்கவில்லை. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் போனது. இலங்கையில் நடந்த ஓர் ஆய்வில், தற்கொலைக்கு முயன்று உயிர்தப்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அரைமணிநேரம்கூட யோசித்திருக்கவில்லை. அந்தப் பொல்லாத அரைமணிநேரத்தைக் கடத்திவிட்டால் போதும், பலருக்கு வாழ்வு மீளும்.

வினாக்கொத்து சோதிடம் சொல்லாது. பேச்சைத் தொடங்கித் தரும். தொடங்கிய பேச்சை விடாமல் கேட்க ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் இல்லாத நள்ளிரவிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை அழைக்கலாம்.