கழுத்து வலியும் இழுவைக் கருவியும்

நத்தம் வட்டாரம் மாந்தோப்புகளுக்கும் புளிக்கும் பேர்பெற்றது. பறித்த காயை வண்டி நிற்கும் இடம் வரையில் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுவரும் வழக்கம் இன்னும் உண்டு. பல ஆண்டுகள் இவ்விதம் சுமப்போருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து வலி காண்பதில் வியப்பில்லை. வலி பொறாதவர் சிலர், கடையில் விற்கும் இழுவைக் கருவியை வாங்கி வீட்டுக் கதவில் மாட்டிக்கொள்கின்றனர். மருத்துவமனைகளில் ‘டிராக்‌ஷன்’ என வழங்கும் இம்முறை யாருக்கு ஏற்றது, யாருக்குத் தீங்கானது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

கழுத்தில் 7 எலும்புகள் அடுக்காக அமைந்துள்ளன. அவற்றிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. பக்கத்து இடுக்குகளின் வழியே கைக்குச் செல்லும் நரம்புகள் வெளிவருகின்றன. வட்டு பிதுங்கினாலும், எலும்பின் ஓரம் வளர்ந்தாலும் நரம்பு நெருக்குண்டு, வலி தோளிலிருந்து விரல் வரையில் பரவும்.

கருவியின் அமைப்பு எளியது. கதவின் மேல் ஒரு கப்பி. அதில் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் மோவாயையும் பிடரியையும் தாங்கும் பட்டை. மறுமுனையில் நீர் நிரப்பிய பை. கிணற்றுக் கப்பியைப் போலவே, பை கீழே இழுக்கத் தலை மேலே தூக்கப்படும். இடுக்கு சிறிது விரிந்து நெருக்கம் தளரும்.

இதனால் நோயே தீர்ந்துவிடும் எனக் கொள்ளலாகாது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இம்முறை பயன்தரும் என்றோ தராது என்றோ உறுதிகூறச் சான்று போதாது என முடிவு கண்டது. பெரும்பாலோருக்கு இவ்வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிகிறது. அதுவரையில் இழுவை சிலருக்கு ஆறுதல் அளிக்கலாம்.

ஆயின், சிலர் இக்கருவியைத் தொடவும் கூடாது. மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டவர், எலும்புக் காசநோய், புற்றுநோய், முடக்குவாதம், எலும்பு மெலிவு உடையோர் ஆகியோருக்கு இழுவையால் பெருந்தீங்கு நேரலாம். சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியன தண்டுவடமே நெருக்குண்டதன் அறிகுறிகள். இவை காணின் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

வைத்தியர் சோதித்து இசைந்த பின்னரே கருவியைப் பயன்படுத்துக. எடையையும் நேரத்தையும் அவரே குறிக்கட்டும். விரைவில் குணம் வேண்டி எடையைக் கூட்டுதல் தகாது. கதவை நோக்கி அமர்ந்தால் கழுத்து சற்றே முன்சாய்ந்திருக்கும், அதுவே நன்று. துணைக்கு ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். தலைச்சுற்றலோ, மரமரப்போ, கைவலி மிகுதலோ தோன்றினால் எடையை மெல்ல இறக்கி நிறுத்திவிடுக.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், தேவையுள்ளோருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்க வகை செய்துள்ளது. அத்தகையோரைச் சுகாதார ஊழியருக்கு அறிவித்தல் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்க பணியாகும்.

வலி வந்தபின் கழுத்தை இழுப்பதினும் வருமுன் சுமையைக் குறைப்பது மேல். இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி அமைத்தவர்கள் நம் முன்னோர். தோப்புப் பாதைகளில் அத்தகைய மேடைகளை அமைப்பதும், தள்ளுவண்டி செல்லுமாறு பாதையைச் செப்பனிடுவதும் ஊராட்சிகள் மேற்கொள்ளத்தக்க நற்பணிகள் என்பது எமது கருத்து.