தொலைவும் நெருக்கமும்

நுழையும்முன்

திரையில் ஒரு மனிதரை நாம் எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் படக்கருவி முடிவு செய்கிறது. அத்தொலைவு மாறும்போது அவரைப் பற்றிய நம் எண்ணமும் மாறுகிறது. காட்சித்துணிப்பின் வகைகளையும் சட்டக அமைப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் குறும்படங்களைத் திரையிட்டனர். அவற்றுள் ஒன்று, லியோன் நகரிலிருந்த அவர்களது தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியாகும். ஒரு நிமிடத்திற்கும் குறைவான அப்படத்தில் படக்கருவி ஓரிடத்திலேயே நிற்கிறது. ஆண்களும் பெண்களும் வாயிலைக் கடந்து இருபுறமும் பிரிந்து செல்கின்றனர். படம் முடிந்தபின் கூட்டம் நம் நினைவில் நிற்கிறது; தனி ஒருவரின் முகம் நிற்பதில்லை.

இதையொத்த காட்சியை இன்று திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் காணலாம். பணிநேரம் முடிந்ததும் உள்ளூர் மக்களும் வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் ஆலை வாயில்களிலிருந்து வெளிவருவர். அவர்களுள் ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்க விரும்பும் மாணவர், படக்கருவியை எங்கே நிறுத்துவார்?

சாலையின் எதிர்ப்புறத்தில் நிறுத்தினால் ஆலையும் வாயிலும் மக்கள் திரளும் சட்டகத்துள் அடங்கும். இது சேய்மைக் காட்சித்துணிப்பு. திரைத்துறையினர் இதனை ‘லாங் ஷாட்’ என்பர். இடத்தையும் சூழலையும் இது உணர்த்தும். சற்று நெருங்கி ஒருவரை இடுப்பளவிற்குக் காட்டுவது நடுக் காட்சித்துணிப்பு. தோளில் தொங்கும் பையும் உடன் வருபவரோடு அவர் பேசும் பாங்கும் இதில் புலப்படும். முகத்தை மட்டும் காட்டுவது அண்மைக் காட்சித்துணிப்பு. களைப்பும் சிரிப்பும் இதில் தெளிவாகும். கண்ணையோ விரலையோ மட்டும் காட்டுவது மீ அண்மைக் காட்சித்துணிப்பு.

கோணமும் பொருள் தரும். மேலிருந்து நோக்கினால் மனிதர் சிறுத்துத் தோன்றுவார். கீழிருந்து நோக்கினால் ஓங்கித் தெரிவார். கண்மட்டத்தில் நோக்கினால் நமக்கு நிகராக நிற்பார்.

சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டிரண்டு கோடுகளால் மும்மூன்று பகுதிகளாகப் பிரித்து, அக்கோடுகள் வெட்டும் இடத்தில் முதன்மைப் பொருளை அமைப்பது ஒரு மரபு. முகம் நோக்கும் திசையில் வெற்றிடம் விடுதல் வேண்டும். இல்லையெனில் அவர் சுவரில் முட்டி நிற்பவர்போல் தோன்றுவார். தண்டவாளம் போன்ற நேர்கோடுகள் பார்வையாளரின் கண்ணை நடைமேடையில் நிற்பவரிடம் கொண்டுசேர்க்கும்.

பாலு மகேந்திரா இயக்கி ஒளிப்பதிவும் செய்த ‘வீடு’ (1988) திரைப்படத்தில், சொக்கலிங்க பாகவதர் ஏற்று நடித்த முதியவர், கட்டி முடிக்கப்படாத வீட்டைத் தனியே சுற்றிப் பார்க்கிறார். அவரது நிறைவை உணர்த்த அங்கு வசனம் தேவைப்படவில்லை. அவரையும் அவர் நிற்கும் வீட்டையும் சேர்த்துக் காட்டும் காட்சியே அதனைச் சொல்லிவிடுகிறது.

சேய்மைக் காட்சி மட்டும் இருப்பின் தொழிலாளர் கூட்டத்தில் கரைந்துபோவார். அண்மைக் காட்சி மட்டும் இருப்பின் அவர் உழைக்கும் இடம் மறைந்துபோகும். இரண்டும் இணையும்போதே அவரது வாழ்க்கை நமக்குப் புரியும். எனினும், ஒருவரின் முகத்தருகே படக்கருவியைக் கொண்டுசெல்லுமுன் அவரது இசைவைப் பெறுவது முதற்கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உழைக்கும் ஒருவரை, அவர் இசைவு பெற்று, மூன்று தொலைவுகளில் கைப்பேசியால் படமெடுத்து வேறுபாடுகளை எழுதுக.
2. நீங்கள் பார்த்த திரைப்படக் காட்சி ஒன்றில் படக்கருவி நின்ற இடத்தைக் கண்டறிந்து, அதன் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.