ஒரே விளக்கு, பல வேலை: கொள்முதலுக்கு முன் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடைகளில் மெழுகுவத்தி, தீப்பெட்டியோடு இன்று எமர்ஜென்சி விளக்கும் ஒரு சரக்காகிவிட்டது. வெளிச்சம், டார்ச், செல்போன் சார்ஜ், சோலார் தகடு எல்லாம் ஒரே விளக்கில் வருகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய இரவில் எரியாத விளக்கை விற்ற கடையை வாடிக்கையாளர் மறக்கமாட்டார். மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் பெயர்தான் நமக்கு முதல்.

பல வேலை செய்யும் விளக்கு புதிதன்று. மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'லான்ஸ்டவ்' என்ற மண்ணெண்ணெய் விளக்கை உருவாக்கியது. மேன்டில் வெளிச்சம் தரும். வீணாகும் சூட்டில் மேலே சமையல் நடக்கும். ஒரு வேலை மற்றதைக் கெடுக்கவில்லை. நல்ல அமைப்பு என்பது இதுவே.

பேட்டரி விளக்கின் கணக்கு வேறு. 3.7 வோல்ட், 2000 எம்.ஏ.எச். பேட்டரியில் இருப்பது 7.4 வாட்-மணி. 3 வாட் எல்.இ.டி. சுமார் 2 மணி நேரம் எரியும். இதில் 5000 எம்.ஏ.எச். செல்போனைச் சொருகினால் மூன்றில் ஒரு பங்கு ஏறுவதற்குள் விளக்கு அணைந்துவிடும். அரை வாட் சோலார் தகடு இதை நிரப்ப மூன்று, நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும்.

எனவே கொள்முதலின்போது:

1. பெட்டியில் உள்ள வாட், எம்.ஏ.எச். இரண்டையும் பாருங்கள். எம்.ஏ.எச். எழுதாத சரக்கைத் தவிருங்கள்.

2. லித்தியம் பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் ('ஆர்' எழுத்தில் தொடங்குவது) உள்ளதா எனப் பாருங்கள். பதிவு கட்டாயமானது.

3. பேட்டரி மட்டும் தனியே மாற்ற முடியுமா, உத்தரவாதம் எத்தனை மாதம், மாற்றித் தருபவர் மொத்த வியாபாரியா, கம்பெனியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. ஈய பேட்டரி விளக்குகள் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக் கெட்டுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். பழைய சரக்கை முதலில் விற்றுவிடுங்கள்.

விற்கும்போது, "போனுக்குப் போட்டால் வெளிச்சம் குறையும் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திரும்பி வரும் சரக்கு குறையும். வாடிக்கையாளர் திரும்பி வருவார்.