காளாஞ்சகப் படையும் களிம்புகளும்

முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதில் உதிரக் கண்டால் நம் பக்கத்தில் பலர் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். “படர்தாமரைக்கு ஒரு டியூப் கொடுங்கண்ணே” என்பார்கள். கிடைக்கும் களிம்பில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லியோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சில நாளில் தோல் தெளியும். நிறுத்தியதும் முன்னிலும் சிவந்து வரும். மீண்டும் டியூப்!

சித்த மருத்துவர் காளாஞ்சகப் படை என்றும் ஆங்கில மருத்துவர் சோரியாசிஸ் என்றும் சொல்லும் இந்நோய் கிருமியால் வருவதன்று, தொட்டால் ஒட்டாது. ஏறத்தாழ 28 நாளில் புதுப்பிக்கப்படும் மேல்தோல், உடலின் தற்காப்பு ஆற்றல் தடம் மாறுவதால் 3 முதல் 5 நாளிலேயே மேலெழும்பிச் செதிலாகக் குவிகிறது. இதை அறியாமல் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கும் வீடுகளும் உண்டு. நோயினும் கொடிது அது.

விரல்கள் சேர்ந்த ஓர் உள்ளங்கை உடற்பரப்பில் சுமார் 1 சதவீதம். மூன்று உள்ளங்கைக்குள் அடங்கினால் லேசானது. பத்து வரை நடுத்தரம். இவற்றுக்குப் பூச்சு மருந்தே முதற்படி.

அவற்றுள் விரைவானது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன் வீரியமானது, குளோபீட்டசால் அதனினும் மிகுந்தது. பின்னதை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தோ, வாரம் 50 கிராமுக்கு மிகுந்தோ பூசலாகாது. மீறினால் தோல் மெலிந்து வரிவரியாகும். முகத்திற்கும் தொடையிடுக்கிற்கும் ஆகாது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்ததன் காரணம் இதுவே.

வைட்டமின் டி வழிவந்த கால்சிபோட்ரியால் நிதானமானது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், எரிச்சலும் தரலாம், ஆனால் தோலை மெலிவிக்காது. பீட்டாமெத்தசோனுடன் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியே தருவதைவிட நற்பலன் கிடைப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. வேதியியல் மாணவர் கவனிக்க ஒன்று: செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலத்தை இதனுடன் கலந்தால், அமிலம் இம்மருந்தைச் சிதைத்துவிடும்.

நிலக்கரித் தார் மலிவு. நாற்றமும் கறையும் உண்டு. டித்ரனாலின் கதை சுவையானது. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ஒரு மரத்தூள் ‘கோவாத் தூள்’ என்ற பெயரில் நம் நாட்டில் படர்தாமரைக்குப் பூசப்பட்டது. 1876-இல் லண்டன் மருத்துவர் பால்மனோ ஸ்கொயர் அதைச் சோரியாசிசுக்குப் பயன்படுத்தினார். 1916-இல் ஜெர்மானியர் அதற்கு மாற்றாக ஆக்கியதே டித்ரனால். பூசி அரை மணிக்குள் கழுவிவிட வேண்டும். இல்லையேல் தோலை எரிக்கும், வேட்டியைப் பழுப்பாக்கும்.

நம்மவர் நம்புவது வெட்பாலைத் தைலம். இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். அவுரியைப் போல் இவ்விலையிலிருந்தும் நீலச் சாயம் எடுத்ததுண்டு. சாயமும் தறியும் அறிந்த அருப்புக்கோட்டையாருக்கு இது வியப்பாகாது. லேசான நோய்க்குச் செதிலை இளக்கி அரிப்பைத் தணிக்க இதைப் பூசலாம் என்பது என் எண்ணம். ஆயினும் ஸ்டீராய்டுக்கு நடந்த அளவு பெரிய ஒப்பீட்டுச் சோதனைகள் இதற்கு நடக்கவில்லை, நடத்தவேண்டும்.

எம்மருந்தானாலும் நம் வறண்ட காற்றில் எண்ணெய்ப் பசை இன்றியமையாதது. குளித்த ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுவது நன்று. ஒன்று மட்டும்: வாசலின் ஊறிய துணியில் தீ மளமளவென்று பரவும். பட்டாசு வேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போகிறவர்கள் இரவில் தடவிக்கொண்டு, காலையில் வேறு துணி உடுத்திச் செல்லவேண்டும்.