உஷார்! ‘மூணு மாசம் பார்க்க வராதீங்க’ என்கிறதா காப்பகம்?

“முதல் மூணு மாசம் பார்க்க வராதீங்க, போனும் பண்ணாதீங்க. அப்பதான் இங்கே செட் ஆவார்.” மனநலக் காப்பகத்திலோ போதை மறுவாழ்வு மையத்திலோ ஒருவரைச் சேர்க்கப் போன இடத்தில் இப்படிச் சொன்னால், அட்வான்ஸை எண்ணிக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர் வாயையும் வெளியே இருப்பவர் கண்ணையும் ஒரே நேரத்தில் கட்டிப்போடும் ஏற்பாட்டுக்குச் சிகிச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வருகிறவர்களைச் சந்திப்பதும் நியாயமான நேரத்தில் போனில் பேசுவதும் உள்ளே இருப்பவரின் உரிமை. விரும்பினால் சொந்த உடையையே உடுத்தலாம். கட்டாய மொட்டை கூடாது. சங்கிலி அறவே கூடாது. குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறும் இதே சட்டத்துக்குள் வருவதால், “நாங்க ரீஹேப் சென்டர், எங்களுக்கு அதெல்லாம் கிடையாது” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

சங்கிலி என்றால் ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டத்துக் கொட்டகைக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

பழைய கதை என்பீர்கள். 2023-க்கு வாருங்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தில் சேர்த்திருந்த முதியவரைத் தேடிப் போனவர்களுக்கு, அவரைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கேயும் ஆள் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டு, வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது.

ஆகவே சேர்க்கைப் படிவத்தை வரிவரியாகப் படியுங்கள். “தேவைப்பட்டால் வேறு கிளைக்கு மாற்ற நிர்வாகத்துக்கு முழு அதிகாரம் உண்டு” என்ற மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம். பிறகு கையெழுத்துப் போடும் இடத்தைப் பாருங்கள். பணம் கட்டுபவருக்கு ஒரு கோடு, ஜாமீன் சொல்பவருக்கு ஒரு கோடு. உள்ளே தங்கப் போகிறவருக்கு?

இன்னொருவரையும் அந்த மேஜையில் காணோம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அண்ணன்தான் ‘கார்டியன்’ ஆகிவிடுகிறார். பத்து வருடம் கூடவே இருந்த அம்மா வராந்தா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகனுக்கு எந்த மாத்திரை போட்டால் கை நடுங்கும், மோர் சாதத்தோடு கொடுத்தால்தான் முழுங்குவான், ராத்திரி விளக்கை அணைத்தால் கத்துவான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். படிவத்தில் அதை எழுத இடமில்லை, கேட்கவும் யாரும் இல்லை. முதல் வாரத்திலேயே இருட்டறையில் அவன் கத்தும்போது, ‘வயலன்ட் பேஷன்ட்’ என்று குறித்துக்கொண்டு ஊசி போடுவார்கள். அம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டிருந்தால் அந்த ஊசிக்கே வேலை இருந்திருக்காது.

“அவனுக்கு என்ன தெரியும், அவனைப் போய்க் கேட்டுக்கிட்டு” என்பது வீட்டிலேயே கிளம்பும் வாதம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்கிறது. டாக்டரைப் பார்க்கலாம், கோயிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறோமே, அதற்கப்புறம் நாம் கொடுக்கும் மாத்திரையை அவர் ஏன் நம்ப வேண்டும்?

உடனே செய்ய வேண்டியது ஒன்று. அவர் தெளிவாக இருக்கும் நாளில், தன் சார்பாகப் பேச யார் வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதி, அவரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். அந்த ஆள் 18 வயது நிரம்பியவராக, பொறுப்பைச் செய்யக்கூடியவராக இருந்து, தன் சம்மதத்தையும் எழுத்தில் கொடுத்துவிட்டால், அவர்தான் ‘நியமிக்கப்பட்ட பிரதிநிதி’. நோய் என்ன, மருந்து என்ன என்று கேட்கவும், வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தில் கலந்துகொள்ளவும், தேவையானால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் விடுவிக்கக் கோரவும் அந்தப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு. எவரை எழுதுவது என்பதைச் சிகிச்சை பெறுபவரே தீர்மானிக்கட்டும். அண்ணன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று: சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர் “போகணும்” என்றால் விட வேண்டும். மருத்துவர் சந்தேகப்பட்டால் மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். பிரதிநிதியின் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டவரை ஒரே மூச்சில் 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நீட்டிக்க வாரியத்தின் அனுமதி வேண்டும். ‘ஆறு மாச பேக்கேஜ்’ விற்கிறவர்களிடம் இந்த 30 நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா? இந்த வாரமே சொல்லாமல் கொள்ளாமல் போய், வார்டன் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் 15100-க்கு அடியுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் அது.